வெண்கல உடல்களும் இரும்புப் பீப்பாய்களும்

தமிழில் இரும்பை உடம்புக்குள் அனுப்பும்போது அதன் பெயரோடு இன்னொரு சொல்லையும் சேர்த்தே அனுப்புகிறோம்: சத்து. ஆணியில் இருப்பது இரும்பு. முருங்கைக் கீரையில், பேரீச்சம்பழத்தில், ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சிவப்பு மாத்திரையில் இருப்பது இரும்புச்சத்து. பெயர் வைத்த கையோடு தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. சத்து என்றால் குறையலாம். கூடிப்போய்க் கெடுதல் செய்யும் என்று யோசிக்க மொழியே இடம் தருவதில்லை. சித்த மருத்துவத்தின் அயச்செந்தூரம் தொடங்கி அரசாங்க மாத்திரை வரைக்கும் இரும்பு நம் நினைவில் பாண்டு நோய்க்கு, அதாவது ரத்தசோகைக்கு, எதிரான பொருளாகவே பதிந்துகிடக்கிறது. ‘ஒடம்புல ரத்தமே இல்ல’ என்று பெண்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் புகாருக்கான பதில் அது.

நீரிழிவைப் பற்றிய பேச்சு வேறு தெருவில் நடக்கிறது. வாயைக் கட்டு, அரிசியைக் குறை, காலையில் எழுந்து நட. இந்தப் பேச்சில் இரும்புக்கு இடமே கிடையாது. ரத்தசோகை ஏழைப் பெண்ணின் நோய், சுகர் உட்கார்ந்து தின்றவனின் நோய் என்று நோய்களையும் சாதி பிரிப்பதுபோலப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பிரிவினை பொய் என்பது ஒரு ரேஷன் கடை வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அது இருக்கட்டும்.

இரும்புக்கும் நீரிழிவுக்கும் இடையிலான உறவு மருத்துவ ஏடுகளில் பதிவாகத் தொடங்கி நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாகிறது. அந்த வரலாற்றில் நான் பின்தொடர விரும்புவது ஒரே ஒரு இழையைத்தான். இரும்பு மிகுந்துபோன உடல் ஒன்று மேசைமீது கிடத்தப்பட்டபோதெல்லாம் அதற்கான காரணத்தை மருத்துவம் எங்கே தேடியது? அந்த உடலுக்கு உள்ளேயா, அந்த ஆளின் ஒழுக்கத்திலா, இனத்திலா, அல்லது இரும்பு அந்த உடலுக்குள் வந்துசேர்ந்த வழியிலா?

*

1865இல் பாரீஸ் நகரத்தின் ஓட்டல்-தியே மருத்துவமனைப் பேராசிரியர் அர்மாண்ட் த்ரூஸோ தமது விரிவுரைகளில் ஒரு நோயாளியைக் குறிப்பிடுகிறார். சிறுநீரில் சர்க்கரை. வீங்கி இறுகிய கல்லீரல். முகத்தில் வெண்கலம் பூசியதுபோன்ற நிறம். 1871இல் த்ருவாஸியே என்பவர் இந்த மூன்றும் சேர்ந்து வருவதை ‘வெண்கல நீரிழிவு’ என்று அழைத்தார். பிரெஞ்சு மருத்துவமனையின் பார்வை இயங்குகிற விதத்தை மிஷேல் ஃபூக்கோ 1963இல் விரிவாக எழுதிக்காட்டியிருக்கிறார்: உயிரோடிருக்கும் உடலின் மேற்பரப்பில் தெரியும் குறியை, செத்த உடலைத் திறந்து உள்ளே தெரியும் குறியோடு கோத்துப் படிப்பது. வெண்கல நீரிழிவு இந்தப் படிப்புக்கு வாகாக அமைந்த நோய். வெளியே தோலின் நிறம், உள்ளே கல்லீரலிலும் கணையத்திலும் துரு நிறம். நிறத்தை நிறத்தோடு பொருத்தினார்கள்.

அந்தத் துரு எங்கிருந்து வந்தது? 1889இல் ஜெர்மன் நோய்க்குறியியலாளர் வான் ரெக்லிங்ஹாஸன் அது ரத்தத்திலிருந்து கசிந்த நிறமி என்று கருதி ஹீமோகுரோமடோசிஸ் என்று பெயரிட்டார். ரத்த நிறமேற்றம் என்று பொருள் கொள்ளலாம். விளக்கம் காலாவதியாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நோயாளிகளில் பலர் ஆண்கள், பலர் குடிப்பவர்கள். ஆக, குடிதான் காரணம் என்ற பேச்சும் கூடவே வளர்ந்தது. கல்லீரல் கெட்டால் குடிகாரன் என்று முடிவு கட்டுவது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல.

1935இல் இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்தில் மருத்துவராக இருந்த ஜோசப் ஷெல்டன், அதுவரை பதிவான 311 நோயாளிகளின் விவரங்களை ஒன்றாகத் திரட்டி ஒரு நூல் எழுதினார். தோலின் நிறம், கல்லீரல், நீரிழிவு எல்லாமே இரும்பு தேங்கியதன் விளைவு. இது பிறவியிலேயே அமைந்த வளர்சிதை மாற்றக் கோளாறு என்றார். குடி காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு ஓயவில்லை. 1960களில்கூட அமெரிக்காவின் பாஸ்டனில் மதுவும் உணவுமே காரணம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். 1975இல் பிரான்ஸின் ரென் நகரத்தைச் சேர்ந்த மார்ஸெல் ஸிமோனின் குழு இந்த நோய் பரம்பரையாக இறங்குவதைக் காட்டியது. 1996இல் எச்எஃப்இ என்று இப்போது அழைக்கப்படும் மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மிகுதியாகக் காணப்படும் ஒரு மாற்றம் அது. குடிகாரன் விடுதலையானான். அந்த இடத்தில் மரபணு வந்து உட்கார்ந்தது.

இதற்கிடையே 1937இல் மெக்கன்ஸும் எல்ஸி விட்டோசனும் சொன்ன ஒரு விஷயம் முக்கியமானது. மனித உடலுக்கு இரும்பை வெளியேற்றும் வழியே கிடையாது என்றார்கள். உப்பு மிகுந்தால் சிறுநீரில் போகும், இரும்பு போகாது. ஒரு வளர்ந்த மனித உடலில் மொத்தம் 3, 4 கிராம் இரும்பு இருக்கிறது. தினமும் குடல் உள்ளே எடுத்துக்கொள்வது 1, 2 மில்லிகிராம்தான். தோலிலும் குடலிலும் உதிரும் செல்களோடு ஏறத்தாழ அவ்வளவே போகிறது. காவல் முழுக்க வாசலில். உள்ளே விட்டபின் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. இந்த வாசல் காவலாளியின் பெயர் ஹெப்சிடின் என்பதும், அது கல்லீரலில் சுரக்கிறது என்பதும் 2000, 2001 வாக்கில்தான் தெரியவந்தது.

வெளியேறும் வழி ஒன்று இருக்கவே செய்கிறது: ரத்தம். மாதவிலக்கு, பிரசவம், காயம், கொக்கிப்புழு. பெண்ணுடலைத் தீட்டு என்று ஒதுக்கிவைத்த அதே வழியாகத்தான் இரும்பும் வெளியேறுகிறது. வெண்கல நீரிழிவு பெண்களிடம் அரிதாகவும், வந்தாலும் மாதவிலக்கு நின்ற பின்னால் தாமதமாகவும் தெரியவந்ததன் காரணத்தை இதை வைத்துத்தான் விளக்கினார்கள்.

தேங்கிய இரும்பு கணையத்தை என்ன செய்கிறது? 1894இல் ஹென்றி ஃபென்டன் என்ற வேதியியலாளர், ஹைட்ரஜன் பெராக்சைடோடு சிறிது இரும்பைச் சேர்த்தால் அதன் எரிக்கும் வேகம் எகிறுவதைக் கண்டார். உடலின் ஒவ்வொரு செல்லிலும் பெராக்சைடு கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. கட்டுக்குள் அடங்காத இரும்பு அங்கே இருந்தால் அதே வேலை நடக்கும். இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களுக்கு இந்த எரிப்பைத் தாங்கும் தற்காப்பு மற்ற செல்களைவிடக் குறைவு. ஒருபுறம் சுரப்பு குறைகிறது. மறுபுறம் இரும்பேறிய கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்க மறுக்கிறது. துருப்பிடிப்பதும் ஒருவகை எரிதல்தான்.

மருந்து என்ன? 1950இல் டேவிஸும் ஆரோஸ்மித்தும் ஒரு பழைய வழியைத் தூசு தட்டி எடுத்தார்கள்: ரத்தம் எடுப்பது. அரை லிட்டர் ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போய்விடும். இதே பாரீஸில் 1835இல் பியேர் லூயி என்ற மருத்துவர் நோயாளிகளை எண்ணிக் கணக்குப் போட்டு, ரத்தம் வடிப்பதால் பெரிய பலன் ஒன்றும் இல்லை என்று காட்டியிருந்தார். நாவிதனின் கத்தியோடு சேர்த்து மருத்துவம் தூக்கிப்போட்ட சிகிச்சை, நூறு வருஷம் கழித்துத் தனக்குரிய நோயைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தது.

*

ஐரோப்பியக் கதை இதோடு ஒரு மரபணுவில் போய் முடிகிறது. தென்னாப்பிரிக்காவில் அது அப்படி முடியவில்லை.

ஜோஹன்னஸ்பர்க்கில் நோய்க்குறியியலாளராக இருந்த ஸ்ட்ராக்கன், 1925க்கும் 1928க்கும் இடையில் அந்த நகரத்தில் இறந்துபோன 876 ஆப்பிரிக்கர்களின் உடல்களைப் பரிசோதித்த விவரங்களை 1929இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். தெற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தங்கத்துக்காக எழுந்த நகரம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பலருடைய கல்லீரலில் இரும்பு தேங்கியிருந்தது. ஐரோப்பாவில் அபூர்வமான ஒன்று இங்கே சர்வ சாதாரணமாகக் கிடந்தது. இதற்கு வெள்ளை மருத்துவம் வைத்த பெயர் ‘பான்ட்டு சைடரோசிஸ்’. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயரை அப்படியே நோயின் பெயராக்கினார்கள். பாரீஸில் நோய்க்கு நிறத்தின் பெயர்; இங்கே இனத்தின் பெயர். பின்னாளில் அபார்தைட் அரசு ‘பான்ட்டு’ என்பதையே தன் நிர்வாகச் சொல்லாகவும் ஆக்கிக்கொண்டது.

காரணம் என்ன என்பதில் இருபது வருஷங்களுக்கு மேல் குழப்பம். 1940களில் கில்மன் சகோதரர்கள் மக்காச்சோளக் கஞ்சியை மட்டுமே நம்பி வாழும் ஏழை உடல் ஊட்டக்குறைவால் நிலைகுலைந்து, அதனால் இரும்பு தேங்குகிறது என்றார்கள். வறுமையைக் கணக்கில் எடுத்த வாதம் என்ற அளவில் அதை மதிக்க வேண்டும். ஆனால் விடை அதைவிடக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1953இல் வாக்கரும் ஆர்விட்சனும் அந்த மக்கள் சமைக்கும் பாத்திரத்தையும் குடிக்கும் பானத்தையும் பரிசோதித்தார்கள். இரும்பு அங்கே இருந்தது.

சோளத்தையும் மக்காச்சோளத்தையும் முளைகட்டிப் புளிக்கவைத்து எடுக்கும் பீர் அது. நம்மூர்க் கள்ளைப்போலப் பாதி உணவு, பாதி போதை. முன்பு மண்பானைகளில் காய்ச்சினார்கள். ஐரோப்பியர் வந்த பின் இரும்புச் சட்டிகளும் தகரப் பீப்பாய்களும் மண்பானையின் இடத்தைப் பிடித்தன. புளித்த பீரின் அமிலம் பாத்திரத்தின் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. ஒரு லிட்டரில் 40 முதல் 80 மில்லிகிராம் வரை இரும்பு; அதுவும் கீரையில் இருப்பதுபோல உடல் லேசில் ஏற்காத இரும்பல்ல, கரைந்து நிற்கும் இரும்பு. நிறையக் குடிப்பவரின் உடலுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிகிராம்வரை இப்படிப் போனது. வாசலில் எவ்வளவு கெட்டிக்காரக் காவலாளி நின்றாலும் இத்தனை கூட்டத்தைத் தடுக்க முடியாது. ஜோஹன்னஸ்பர்க்கின் தாமஸ் பாத்வெல்லும் அவரோடிருந்தவர்களும் 1950, 60களில் இதைப் படிப்படியாக நிறுவினார்கள்.

விஷயம் பாத்திரத்தோடு நின்றிருந்தால் சுகாதாரப் பிரச்சாரத்தோடு கதை முடிந்திருக்கும். ‘மண்பானைக்குத் திரும்புவோம்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். அந்தப் பீப்பாயைச் சுற்றி ஒரு சட்டம் இருந்தது. நேட்டாலில் 1908இல் வந்த சட்டம் ஒன்று ஆப்பிரிக்கர்களுக்கான பீரைக் காய்ச்சி விற்கும் ஏகபோகத்தை நகராட்சிகள் எடுத்துக்கொள்ள வழி செய்தது. டர்பன் நகராட்சி இதைச் செய்துகாட்டியது. பீர்க்கடை லாபத்திலிருந்தே கறுப்பர்களை ஒதுக்கிவைக்கும் குடியிருப்புகளின் நிர்வாகச் செலவு நடந்தது. ஒடுக்கப்படுவதற்கான செலவையும் ஒடுக்கப்படுகிறவனே குடித்துத் தீர்க்க வேண்டும். 1923இன் நகர்ப்பகுதிச் சட்டத்துக்குப் பிறகு இந்த ஏற்பாடு மற்ற நகரங்களுக்கும் போனது. திராட்சை மது, பிராந்தி போன்ற ‘ஐரோப்பிய’ மதுவகைகளை ஆப்பிரிக்கர்கள் வாங்கவே தடை.

பீர் காய்ச்சுவது பெண்களின் தொழில். கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்த பெண்ணுக்கு வீட்டு வேலைக்காரியாகப் போகாமல் சொந்தமாகச் சம்பாதிக்க இருந்த மிகச் சில வழிகளில் அது ஒன்று. நகராட்சி ஏகபோகம் அதைக் குற்றமாக்கியது. போலீஸ் சோதனைக்குப் பயந்து பீர்ப் பீப்பாய்களை முற்றத்தில் குழிதோண்டிப் புதைத்துவைத்தார்கள். எல்லன் ஹெல்மன் 1930களில் ஜோஹன்னஸ்பர்க்கின் ஒரு சேரிக்குடியிருப்பை ஆராய்ந்து எழுதிய நூலில் இந்த வாழ்க்கை பதிவாகியிருக்கிறது. மண்ணுக்குள் புதைத்த பீப்பாயில் புளித்துக்கொண்டிருந்த பீரை நினைத்துப் பாருங்கள். அதில் கரைந்த இரும்பு வெறும் சமையல் பழக்கம்தானா? சட்டம் நேரடியாக யார் வாயிலும் இரும்பை ஊற்றவில்லை. எதைக் குடிக்கலாம், எங்கே குடிக்கலாம், யார் காய்ச்சலாம் என்பதைத் தீர்மானித்தது. மிச்சத்தை அமிலம் பார்த்துக்கொண்டது.

பெண்கள் எதிர்த்தார்கள். 1959இல் டர்பனின் கேட்டோ மேனரில் பெண்கள் திரண்டு நகராட்சி பீர்க்கடைகளுக்குள் நுழைந்தார்கள். தங்கள் காய்ச்சும் தொழிலைப் பிடுங்கி, கணவர்களின் கூலியையும் பிடுங்கும் இடம் என்று அவற்றை அவர்கள் சரியாகவே அடையாளம் கண்டிருந்தார்கள். 1976இல் சொவெட்டோ மாணவர்கள் எரித்த கட்டடங்களிலும் பீர்க்கடைகள் உண்டு. தென்னாப்பிரிக்க மருத்துவ ஏடுகளில் இரும்பைப் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பெண்கள் பெரும்பாலும் வருவதில்லை. எழுச்சிகளைப் பற்றிய நூல்களில் கல்லீரல் வருவதில்லை. ஒரே பீப்பாயின் இரண்டு பக்கங்கள், இரண்டு நூலகங்களில்.

நீரிழிவு இதில் எங்கே வருகிறது? கடுமையாக இரும்பேறிய உடல்களில் வந்தது. ஆனால் ஐரோப்பியப் பரம்பரை நோயில் அளவுக்கு அடிக்கடி வரவில்லை. ஆப்பிரிக்க நோயாளிகளில் இரும்பு கல்லீரல் செல்களில் மட்டுமல்லாமல் உடலின் துப்புரவுச் செல்களிலும் போய்த் தேங்கியது. கணையத்தை எட்டியது கடைசிக் கட்டத்தில். கூடவே இன்னொன்றும் நடந்தது: மிகுந்த இரும்பு உடலிலிருந்த வைட்டமின் சியை எரித்துத் தீர்த்தது, ஸ்கர்வி வந்தது, எலும்பு நொறுங்கியது. அளவு மட்டும் நோயைத் தீர்மானிப்பதில்லை, இரும்பு எங்கே போய் உட்காருகிறது என்பதும் தீர்மானிக்கிறது என்ற பாடம் இங்கேதான் கிடைத்தது.

1962 ஆகஸ்டில் மதுவகைகளின் மீதான இனத்தடை நீக்கப்பட்டது. கருணையால் அல்ல, மதுத் தொழிலின் லாபக்கணக்கும் அதில் இருந்தது. நகரத்து ஆப்பிரிக்கர்கள் புட்டியில் அடைத்த பீருக்கும், ஆலைகளில் தயாரான, இரும்பு குறைந்த சோள பீருக்கும் மாறினார்கள். 1979இல் மெக்ஃபெயிலும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு, நகரங்களில் இரும்புத் தேக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டதைக் காட்டியது. கிராமங்களில் அது தொடர்ந்தது. ‘பான்ட்டு’ உடலின் இயல்பு என்று பெயர் சூட்டப்பட்டிருந்த ஒன்று, ஒரு சட்டம் மாறிப் பாத்திரம் மாறியதும் ஒரே தலைமுறைக்குள் நகரத்தை விட்டுப் போய்விட்டது. இனம் மாறவில்லை.

1992இல் விக்டர் கோர்டியூக்கும் அவரது குழுவும் ஜிம்பாப்வே குடும்பங்களை ஆராய்ந்து, பீர் மட்டும் போதாது, ஒரு மரபணுவும் சேர்ந்து செயல்படுகிறது என்று எழுதினார்கள். இதை முழுதாக நிராகரிக்க முடியாது. ஒரே பீப்பாயில் குடித்த எல்லோருக்கும் ஒரே அளவு இரும்பு ஏறவில்லை என்பது உண்மை. ஐரோப்பியர்களின் அந்த எச்எஃப்இ மாற்றமோ ஆப்பிரிக்கர்களிடம் அனேகமாக இல்லவே இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. பீப்பாயும் சட்டமும் கண்ணெதிரே இருக்கும்போதும் மருத்துவ ஆய்வின் கை மறுபடி மறுபடி ரத்தக் குழாய்க்குள்ளேயே துழாவப் போவது. மரபணுவுக்கு எதிராகப் போராட முடியாது என்பது அதில் ஒரு வசதி.

*

இதுவரை பார்த்தவை இரும்பு கிலோக் கணக்கில் தேங்கிய உடல்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கடுமையான நோயாளியின் உடலில்கூட இருபது, முப்பது கிராம்தான். நீரிழிவு உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. அவர்களுக்கு வெண்கல நிறமும் இல்லை, கல்லீரல் துருவும் இல்லை. 1980கள் வரை இரும்பு அவர்களுடைய கதைக்குள் வரவே இல்லை.

கதவைத் திறந்தது ஒரு பக்கக் கேள்வி. 1981இல் அமெரிக்கர் ஜெரோம் ஸல்லிவன் ‘லான்செட்’ இதழில் கேட்டார்: நடுவயதுப் பெண்களுக்கு ஆண்களைவிட மாரடைப்பு குறைவாக வருவது ஏன்? ஹார்மோன்தான் காரணமா, மாதாமாதம் இரும்பு போய்விடுவது காரணமாக இருக்காதா? நோயுற்றவர் அளவுக்கு வேண்டாம், ‘சாதாரண’ அளவு இரும்பே கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தீங்கோ என்ற சந்தேகம் அப்போதுதான் பிறந்தது. கிழக்கு ஃபின்லாந்தில் யுக்கா ஸலோனெனின் குழு நடுவயது ஆண்களை வைத்து இதைச் சோதித்தது. 1997இல், இரும்புச் சேமிப்பு கூடினால் ரத்தத்தில் இன்சுலினும் சர்க்கரையும் கூடுவதைக் காட்டினார்கள். 1998இல், சேமிப்பு மிகுந்த ஆண்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் என்றார்கள். 2004இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்கச் செவிலியர்களின் கதையை வெளியிட்டார்கள். 1989-90இல் ரத்தம் கொடுத்திருந்த 32,826 பெண்களில் அடுத்த பத்து வருஷங்களில் நீரிழிவு வந்தவர்கள் 698 பேர். ஃபெரிட்டின் மிகக் கூடுதலாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட ஆபத்து 2.68 மடங்கு. ஃபெரிட்டின் என்பது இரும்பைப் பூட்டிவைக்கும் புரதம். ரத்தத்தில் அதன் அளவு சேமிப்பின் அடையாளம்.

இங்கே வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஃபெரிட்டின் இரும்புக்கு மட்டும் சாட்சி சொல்வதில்லை. உடலில் எங்காவது அழற்சி இருந்தாலும், கல்லீரலில் கொழுப்பு படிந்தாலும் அது ஏறும். நீரிழிவை நோக்கிப் போகிற உடலில் இந்த இரண்டுமே உண்டு. அப்படியானால் இரும்பு நோயைக் கொண்டுவருகிறதா, வந்துகொண்டிருக்கும் நோய் ஃபெரிட்டினை ஏற்றுகிறதா? செவிலியர் ஆய்வு அழற்சியைக் கழித்துப் பார்த்தும் தொடர்பு நின்றது. இருந்தாலும் சந்தேகம் முழுதாகத் தீரவில்லை.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 2002இல் ஸ்பெயினின் ஜிரோனாவில் ஃபெர்னாண்டஸ்-ரியால், ஃபெரிட்டின் மிகுந்த நீரிழிவு நோயாளிகள் சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று முறை அரை லிட்டர் ரத்தம் எடுத்தார். இன்சுலினுக்கு உடல் இணங்குவது கூடியது. 2015இல் ஆஸ்திரேலியாவில் கொழுப்புக் கல்லீரல் உள்ள 74 பேரிடம் செய்த சோதனையில் ரத்தம் எடுத்ததால் பலன் ஒன்றும் தெரியவில்லை. அமெரிக்க ஆண்களை நீண்டகாலம் தொடர்ந்த மற்றொரு ஆய்வில் ரத்ததானம் செய்பவர்களுக்கு நீரிழிவு குறையவில்லை. மொத்த இரும்பு உணவிலும் தொடர்பு தெரியவில்லை. சிவப்பு இறைச்சியிலிருந்து வரும் இரும்பில் மட்டும் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு மாட்டிறைச்சிக்கு எதிராக ஒரு சைவத் தீர்ப்பு எழுதக் கை துறுதுறுக்கும் ஆட்கள் நம்மிடையே உண்டு. தினமும் வேளாவேளைக்கு இறைச்சி தின்னும் அமெரிக்க நடுவயதுக்காரனின் கணக்கு அது. வாரத்துக்கு ஒருநாள் நூறு கிராம் வாங்கிப் பிள்ளைகளோடு பங்குபோட்டுத் தின்கிறவர் மேல் அதை ஏவ முடியாது. கர்ப்பிணிகள் விஷயமும் இப்படித்தான். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் 2009இல் ஹாங்காங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு இரும்பு மாத்திரையும் மறுபிரிவுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது, இரும்பு தின்றவர்களிடம் நீரிழிவு கூடவில்லை. ரத்தசோகை உள்ள கர்ப்பிணி மாத்திரையைத் தூக்கிப்போட இந்த வரலாற்றில் ஒரு நியாயமும் இல்லை.

*

அப்படியானால் நமக்கு இதில் என்ன? 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆண்களில் 25 விழுக்காடு. தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4. 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு, வளர்ந்தவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது பத்துக் கோடிப் பேருக்கு, நீரிழிவு என்றது, தமிழ்நாட்டில் 14.4. இரண்டு தனித்தனி மக்கள்தொகைகள் இல்லை இவை. ஒரே வீடு. மகளுக்கு ரத்தம் இல்லை, அப்பாவுக்கு சுகர். அம்மாவுக்கு முப்பது வயதில் அது, ஐம்பதில் இது. எல்லோருக்கும் ஒரே பானைச் சோறு.

அந்தப் பானைக்குள்தான் இரும்பு வந்தது. 2021 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் அறிவித்தார்: அரசுத் திட்டங்களில் தரும் அரிசி முழுவதும் 2024க்குள் செறிவூட்டப்படும். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம்வரை இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம், பி12. 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்துக்கு 2028 டிசம்பர்வரை ஒப்புதல் தந்தது. இதை ஜோஹன்னஸ்பர்க் பீப்பாயோடு ஒப்பிட்டுப் பயமுறுத்துவது நேர்மையாகாது. நாளுக்கு 300 கிராம் அரிசி தின்றால் 8 முதல் 13 மில்லிகிராம். சோற்றிலிருந்து குடல் எடுத்துக்கொள்வது அதில் சிறு பங்குதான். பீரில்போல அது கரைந்து நிற்பதில்லை.

ஆனால் அரிசி மட்டும் வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை, கர்ப்பிணிக்குத் தினம் சிவப்பு மாத்திரை, இரட்டைச் செறிவூட்டிய உப்பு, கோதுமை மாவு. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவதை பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியின் அனுரா குர்பாட் உள்ளிட்டோர் 2021இல் எழுதிய கட்டுரையில் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஜார்க்கண்டில் உணவு உரிமை அமைப்பினர் 2022இல் நேரில் போய்ப் பார்த்து, அரிவாளணு ரத்தசோகையும் தலசீமியாவும் உள்ளவர்களுக்கு இந்த அரிசியே வந்துசேர்வதைக் கேள்வி கேட்டார்கள். மாத்திரை என்றால் வேண்டாமென்று சொல்லலாம். நம் பெண்கள் நிறையப் பேர் அதைக் கூரையில் செருகிவைத்திருக்கிறார்கள் என்பது எந்த நர்சுக்கும் தெரியும். அரிசியில் கலந்து வந்தால் சொல்ல முடியாது. பணமுள்ளவர் கடையில் பொன்னி வாங்கி விலகிக்கொள்வார். ரேஷனை நம்பியவருக்கு அந்த விலகல் இல்லை. எதைத் தின்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற பழைய தென்னாப்பிரிக்கக் கேள்வி இங்கே நல்லெண்ணத்தின் உடையில் வருகிறது. இந்தத் திட்டத்தின் மனதில் இருப்பது ‘சராசரி இந்திய உடல்’. மாதவிலக்கு வரும் உடல், நின்றுபோன உடல், ஆணின் உடல், கல்லீரலில் கொழுப்பேறிய உடல் எல்லாம் அந்தச் சராசரிக்குள் கரைந்துவிடுகின்றன. முப்பது வயதில் ரத்தம் இல்லாதவளுக்கு அந்த அரிசி போதாமல் போகலாம். ஐம்பது வயதில் அதே உடலுக்கு அது தேவையே இல்லாமலும் போகலாம்.

அளவுகோலே இந்தச் சிக்கலுக்குள் மாட்டிக்கொண்டிருப்பதையும் சொல்ல வேண்டும். 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர் நீரிழிவு உள்ளவர்களின் ஹீமோகுளோபினில் ஒரு மாறுதலைக் கண்டார். ரத்தத்திலிருக்கும் சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்வதால் வருவது அது. இன்று எச்பிஏ1சி என்று எல்லா லேப்பிலும் எழுதிக்கொடுக்கும் எண்ணின் பிறப்பு இதுதான். மூன்று மாதச் சர்க்கரையின் கணக்கை ஒரே சொட்டில் சொல்லிவிடும் என்பதால், 6.5க்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று முடிவு செய்யலாம் என 2011இல் உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. சர்க்கரை போய் ஒட்டுகிற அந்த ஹீமோகுளோபினின் நடுவில் இருப்பது இரும்பு. இரும்பு போதாத உடலில், சர்க்கரை ஏறாமலே இந்த எண் கொஞ்சம் ஏறிவிடும். ரத்தசோகையுள்ள ஒரு பெண் 6.4இலிருந்து 6.6க்குப் போய்ச் சர்க்கரை நோயாளியாகிவிட இது போதும். இரும்பு மாத்திரை தின்ற சில மாதங்களில் அந்த எண் இறங்கும். அதற்குள் சர்க்கரை மாத்திரையும் ஆரம்பித்திருந்தால், இறக்கம் முழுவதும் சர்க்கரை மாத்திரையின் கணக்கில் எழுதப்படும்.